மறைக்கல்விக்கு ஒரு தனி அறை

கொடைக்கானல் மலையிலும் பழனி மலைத்தொடரின் சரிவுகளிலும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளை நடத்திவரும் அருட்தந்தையர்க்கும் அருட்சகோதரியர்க்கும், அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும்,

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் பள்ளிகளின் கால அட்டவணையிலிருந்து மறைக்கல்வி வகுப்பையும் புதுநன்மைத் தயாரிப்பையும் எடுத்துவிடுங்கள். அவற்றைப் பங்கின் பொறுப்பில், பள்ளி நேரத்துக்கு வெளியே, இப்போது நடப்பதைவிட ஒழுங்காக நடத்துங்கள். அப்படிக் கிடைக்கும் பாடவேளைகளை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கையால் செய்யும் வேலைகளுக்கும், இந்த மலையைப் படிப்பதற்கும் கொடுங்கள். கேட்டவுடன் பள்ளியின் கத்தோலிக்க அடையாளத்தையே துடைத்தெறியச் சொல்வதுபோல இருக்கும். என் வாதம் அதற்கு நேர் எதிரானது. விசுவாசத்தை விசுவாசமாகவும் படிப்பைப் படிப்பாகவும் நடத்தினால்தான் இரண்டும் தேறும். ஒன்றின் நேரத்தில் மற்றதை நுழைத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும். இதற்கான சான்றுகளைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை, திருச்சபையின் வரலாற்றிலேயே கிடைக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று உங்கள் கொடைக்கானலிலேயே நடந்தது.

முதலில் இப்போது நடப்பதைப் பார்ப்போம். ஆர்.சி. பள்ளிகள் பலவற்றில் உள்ள வழக்கம் இது: குறிப்பிட்ட பாடவேளைக்கு மணி அடித்ததும் மூன்றாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் மறைக்கல்விப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவார்கள். மீதிப் பிள்ளைகள் நன்னெறிப் புத்தகத்தோடு அதே பெஞ்சில் இருப்பார்கள். அதுவரை ஒரே பென்சிலை மாற்றி மாற்றிச் சீவிக்கொண்டிருந்த இருவரில் ஒருத்தி எழுந்து போக, மற்றவள் ‘நீ மட்டும் ஏன் அங்க போற?’ என்று கேட்பாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதற்கு என்ன பதில் தெரியும்? ‘நாங்க வேற’ என்பதுதான் தெரியும். எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காத இந்தப் பாடத்தைக் கால அட்டவணை சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் மலைக்கிராமப் பள்ளியில் நிலைமை இன்னும் மோசம். ஓர் ஆசிரியர் மறைக்கல்விக்குப் போய்விட்டால் மற்றவர் தலையில் பள்ளி முழுதும் விழும். அல்லது பிரிக்க வழியில்லாமல் எல்லாப் பிள்ளைகளுமே செபத்தை ஒப்பிப்பார்கள். மனப்பாடமாகத் தெரிந்த மங்களவார்த்தை செபத்துக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருக்காது.

மீதிப் பிள்ளைகள் என்று எழுதினேன். எண்ணிக்கையில் பார்த்தால் மீதி யார் என்பதே மாறிவிடும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் கிறிஸ்தவ சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்போரில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் கிறிஸ்தவர் அல்லாதோர். அந்த அறிக்கை இந்த எண்ணைக் குற்றச்சாட்டாகவே பயன்படுத்தியது. நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வேன். பூம்பாறையில் பூண்டு போடுகிறவரும், பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போகிறவரும், டவுனில் டாக்சி ஓட்டுகிறவரும் பிள்ளையை நம்பி ஒப்படைக்கும் இடமாக ஆர்.சி. பள்ளி இருப்பது நூறாண்டு உழைப்பின் பலன். ஆனால் நான்கில் மூன்று பேர் பிற சமயத்தவராக இருக்கும் கூட்டத்தில், நான்காமவருக்கான சடங்குத் தயாரிப்பு ஏன் பள்ளி நேரத்தில் நடக்க வேண்டும் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. எல்லாச் சமயத்துக்கும் தனித்தனி வகுப்பு வைத்துவிடலாமே என்று சிலர் சொல்லலாம். இலங்கை அரசுப் பள்ளிகளில் சமயம் ஒரு பாடம். ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படிக்கும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடவேளையில் வகுப்பு சமயவாரியாகப் பிரிந்துதான் உட்காருகிறது. எல்லோருக்கும் தனித்தனி அறை என்பது நம் பிரச்சினையைப் பெருக்குமே தவிரத் தீர்க்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நாம் பலரும் அரைகுறையாகவே அறிந்திருக்கிறோம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. நம் கூட்டங்களில் இது அடிக்கடி ஒலிக்கும். இரண்டு எண் முன்னால் இருக்கும் 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அவ்வளவாக ஒலிப்பதில்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் எந்தப் பிள்ளையையும், பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமின்றி, சமய போதனையில் பங்கேற்கவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. ‘எங்கள் பள்ளியில் சேர்த்ததே சம்மதம்தானே’ என்று சமாதானம் சொல்வது எளிது. ஆனால் பக்கத்தில் வேறு பள்ளி இல்லாத மலைக்கிராமத்தில் பள்ளியில் சேர்ப்பது சமய போதனைக்கான சம்மதம் ஆகாது, அது வேறு வழியில்லாமை. 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிஜோ இம்மானுவேல் வழக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கேரளத்தில் நாயர் சேவைச் சங்கம் நடத்திய பள்ளியில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாட மறுத்ததால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அந்தப் பிள்ளைகளின் மனச்சான்றை மதித்து நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. வேறு சமூகத்தார் நடத்தும் பள்ளியில் நம் பிள்ளைக்கு எதைக் கேட்போமோ, அதை நம் பள்ளியில் அவர்கள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் ஆகிறோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024 ஏப்ரலில் தன் கல்வி நிறுவனங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது: பிற சமய மாணவர்மீது நம் சமய மரபுகளைத் திணிக்காதீர்கள், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்கச் செய்யுங்கள், இயன்றால் எல்லாச் சமயத்தாருக்குமான செப அறை ஒன்றை ஒதுக்குங்கள் என்றெல்லாம் அது சொன்னது. ஆக, நான் கேட்பது ஆயர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் நின்ற இடத்திலிருந்து இன்னும் ஓரடி வைக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமாக இதைக் கருதினால் அது பாதி மனதோடுதான் நடக்கும். உங்கள் மரபுக்குள்ளேயே வலுவான காரணம் இருக்கிறது. கொடைக்கானலில் 1916 முதல் கன்னியர் மடமும் பள்ளியும் நடத்திவரும் பிரசன்டேஷன் சகோதரியர் சபையைத் தொடங்கிய நானோ நேகிளின் கதையைப் பாருங்கள். 1718இல் அயர்லாந்தில் பிறந்தவர். அன்று கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே அங்கே சட்டவிரோதம். இன்னொரு பக்கம், ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைகளைச் சேர்த்து உணவும் உடையும் கொடுத்து புராட்டஸ்டண்டுகளாக வளர்ப்பதற்கென்றே 1733இல் அரச சாசனத்தோடு சாசனப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. எழுத்து வேண்டுமானால் விசுவாசத்தை விட்டுக்கொடு என்ற பேரத்தை எதிர்த்துத்தான் நேகிள் கார்க் நகரத்தில் இரகசியமாகப் பள்ளிகள் நடத்தினார். 1775இல் சபையை நிறுவினார். அந்தச் சபையின் சகோதரியர் 1842இல் சென்னைக்கு வந்தார்கள், பிறகு மலையேறினார்கள். பள்ளிக்கூடத்தின் வழியாகத் தங்கள் பிள்ளைகளின் சமயம் பறிபோகுமோ என்று பயந்த பெற்றோரின் நிலையை இவ்வளவு நெருக்கமாக அறிந்த மரபு வேறு இல்லை. இன்று அந்தப் பயம் இருக்கும் பெற்றோர் வேறு வீட்டுக்காரர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்டது. முதல் ஏடு பெற்றோரே பிள்ளையின் முதல் ஆசிரியர் என்கிறது. அடுத்தது பிற சமயங்களில் உள்ள உண்மையான, தூய எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கிற பள்ளிதான் முழுமையான கத்தோலிக்கப் பள்ளி.

இனி கொடைக்கானலில் நடந்ததற்கு வருகிறேன். மரியா மாண்டிசோரி இந்த மலையில் வாழ்ந்தவர் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. ஏரியைச் சுற்றும் சுற்றுலாப் பயணிக்குத் தெரியாதது இருக்கட்டும், தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் அவர் பெயரை மனப்பாடம் செய்தவர்களுக்குக்கூடத் தெரியாது. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததும் ‘எதிரி நாட்டவர்’ ஆனார். மகன் மரியோ சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் மாண்டிசோரி அனுமதியோடு 1942இல் கொடைக்கானலுக்கு வந்து 1944 வரை தங்கினார். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் இங்கே சிறிய பள்ளி ஒன்றை நடத்தினார். இலங்கையிலிருந்து வந்த லீனா விக்கிரமரத்ன உடன் இருந்து உதவினார். பல நாட்டுப் பிள்ளைகள், பல வயதினர், பல சமயத்தவர் சேர்ந்து படித்த இடம் அது. மலையின் செடிகொடிகளும் பூச்சிகளும் நீர்நிலை உயிர்களும் பாடமாயின. பூமி எப்படி உருவானது, நீர் என்ன வேலை செய்கிறது, புழுவுக்கும் மரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் என்ன என்று ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உலகத்தை முழுதாகக் காட்டும் அவருடைய ‘பிரபஞ்சக் கல்வி’ இந்த மலையில்தான் உருப்பெற்றது. அந்தச் சிந்தனையை விளக்கும் அவருடைய நூல் 1948இல் அடையாறில் கலாக்ஷேத்திரா பதிப்பாக வந்தது. இன்று உலகெங்கும் மாண்டிசோரி தொடக்கப்பள்ளிகள் பின்பற்றுவது அந்தக் கல்வியைத்தான்.

மாண்டிசோரி கடைசிவரை கத்தோலிக்கர். விசுவாசக் கல்வி பற்றி அவர் யோசிக்காதவரும் அல்லர், செய்து பார்த்தவர். 1915 வாக்கில் பார்சிலோனாவில் அவர் பொறுப்பில் நடந்த பள்ளியில், புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகள் தங்கள் கையால் கோதுமை விதைத்தார்கள், திராட்சைக் கொடி வளர்த்தார்கள். முளை விட்டதைப் பார்த்துக் களை பிடுங்கி, கதிர் அறுத்து, அந்தக் கோதுமை மாவு அப்பமாகவும் திராட்சை இரசமாகவும் பீடத்துக்குப் போவதைக் கண்டார்கள். நற்கருணை என்றால் என்ன என்ற கேள்விக்கு ஞானோபதேசப் புத்தகத்தின் பதிலை ஒப்பிப்பதற்கும், தான் விதைத்தது பீடத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை எந்த ஆசிரியருக்கும் விளக்கத் தேவையில்லை. என் வாதத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்தச் சமயப் பயிற்சியை மாண்டிசோரி வகுப்பறைக்குள் வைக்கவில்லை. அதற்கென்று தனி அறை, பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற சிறு பீடம், சிறு பாத்திரங்கள், தனிச் சூழல். பழைய தேவாலயங்களின் முன்முற்றத்தை நினைத்து அதற்கு ‘ஆட்ரியம்’ என்று பெயர். அங்கே படித்த பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கர்கள்தாம் என்பதைக் கவனியுங்கள். பிற சமயத்தாருக்காக அவர் பிரிக்கவில்லை. கணக்கைப்போல மதிப்பெண் போட்டுத் திருத்தும் பாடமாக விசுவாசம் ஆகிவிடக்கூடாது என்பதற்காகப் பிரித்தார். 1954இல் ரோமில் சோஃபியா கவல்லெத்தி அந்த ஆட்ரியத்தை மீண்டும் எடுத்து வளர்த்தார்; பல நாட்டுப் பங்குகளில் அது இன்றும் நடக்கிறது. ஆக, இரண்டு அறைகளும் ஒருவர் சிந்தனையிலேயே இருந்தன: பார்சிலோனாவில் விசுவாசத்தின் அறை, கொடைக்கானலில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உலகைப் படிக்கும் அறை. நீங்கள் அவற்றை உங்கள் பங்கிலும் பள்ளியிலும் அடுத்தடுத்துக் கட்டலாம்.

அந்த இரண்டாவது அறையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆண்டுவிழா நடனத்துக்கு ஒரு மாதம் ஒத்திகை என்பது பதிலாக முடியாது. மாணவர் செயல்பாடு என்றாலே சினிமாப் பாட்டுக்கு ஆடுவதும் மாறுவேடப் போட்டியும்தான் என்று ஆகிவிட்டது வருத்தத்துக்குரியது. இந்த மலையில் அப்படிப்பட்ட வறுமை இருக்க நியாயமே இல்லை. 1895 முதல் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரிக்குத் துறவறப் பயிற்சிக்கு வந்த இயேசு சபையினர் செபநேரம் போக மீதி நேரத்தில் இந்த மலையைப் படித்தார்கள். அருட்தந்தை ஃபோரோ பழனி மலையின் பாசிகளைச் சேகரித்து வகைப்படுத்தினார். அருட்தந்தையர் ஆங்கிலேடும் நியூட்டனும் மலைச்சரிவுகளில் உள்ள கற்திட்டைகளை அளந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அருட்தந்தை கே. எம். மேத்யூ இந்த மலையின் தாவரங்களை முழுதாகத் தொகுத்து 1999இல் நூலாக்கினார். பாசியைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதை இவர்கள் யாரும் செபத்துக்குப் போட்டியாக நினைக்கவில்லை. தாண்டிக்குடிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கற்திட்டையின் நீள அகலத்தை முழக்கயிற்றால் அளந்தால் அதுவே கணக்கு, அதுவே வரலாறு. சோலை மரத்து விதை எது, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம் எது, எது தண்ணீரைப் பிடித்துவைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு நாற்றங்கால் போதும். 2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். எந்தச் சரிவில் எத்தனை புதர் இருக்கிறது என்று ஒரு வகுப்பு தொடங்கிவைக்கும் குறிப்பேட்டை அடுத்தடுத்த வகுப்புகள் தொடரலாம். காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்வது என்பதுகூட இங்கே பாடமாக வேண்டிய விஷயம்தான். சாரணியத்தின் குருளையர் படை இருக்கும் பள்ளிகளில் இதற்கெல்லாம் ஆள் அமைப்பும் தயாராக இருக்கிறது.

இது வெறும் இயற்கைப் பாடம், இதில் விசுவாசம் எங்கே என்று கேட்பவர்களைச் சலேத் மாதா ஆலயத்துக்கு அழைக்கிறேன். 1860களில் அருட்தந்தை சென்சீரின் முயற்சியில் இந்த மலையில் எழுந்த கோயில் அது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 14, 15இல் அங்கே திருவிழா. சப்பரம் சுமக்கிறோம், வெள்ளுடுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறோம். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள சலேத்தில் 1846 செப்டம்பர் 19 அன்று மாதா யாருக்குக் காட்சி கொடுத்ததாகத் திருச்சபை ஏற்றிருக்கிறது? மாக்சிமின் என்ற பதினொரு வயதுப் பையனுக்கும் மெலானி என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கும். இருவரும் மாடு மேய்த்தவர்கள், பள்ளிக்கூடம் அறியாத ஏழைப் பிள்ளைகள். அவர்கள் சொன்ன செய்தியில் செபமும் மனந்திரும்புதலும் மட்டுமா இருந்தன? உருளைக்கிழங்கு அழுகுவதும் கோதுமை பொய்ப்பதும் திராட்சை கெடுவதும் இருந்தன. ஐரோப்பாவில் கிழங்கு நோய் பரவிப் பஞ்சம் மூண்ட ஆண்டு அது. உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் போட்டுப் பிழைக்கும் மலையில், கிழங்கு அழுகியதைப் பற்றி அழுத மாதாவுக்குக் கோயில் இருக்கிறது. மண்ணையும் பயிரையும் பற்றிப் பேசாத மறைக்கல்வி இந்த மலைக்கு எப்படிப் பொருந்தும்?

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, மறைக்கல்வியை எடுத்துவிட்டால் நம் பள்ளிக்கும் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கும் என்ன வித்தியாசம்? கேள்வி நியாயமானது. ஆனால் வாரத்தில் இரண்டு பாடவேளை மறைக்கல்விதான் ஒரே வித்தியாசம் என்றால், அந்தப் பள்ளி ஏற்கெனவே தன் அடையாளத்தை இழந்துவிட்டது. பிரம்பு எடுக்காத ஆசிரியர், மெதுவாகப் படிக்கும் பிள்ளையைக் கடைசிப் பெஞ்சுக்குத் தள்ளாத வகுப்பு, மலைப் பழங்குடியினரான பளியர் வீட்டுப் பிள்ளை வராவிட்டால் வீடு தேடிப் போகும் சிஸ்டர், வரவு செலவை மறைக்காத நிர்வாகம் ஆகியவற்றில் அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். கெபியை இடிக்கச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் குடிலைக் கைவிடச் சொல்லவில்லை. குடில் கட்டுவதிலும் நாடகத்தில் இடையன் வேடம் போடுவதிலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஆசையோடு சேர்கிறார்கள். அது விருந்தாளியாக வந்து பண்டிகையில் கலந்துகொள்வது. அந்த மகிழ்ச்சியை வழிபாட்டுக் கட்டாயத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நிதியுதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் பொதுப்பணம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவான தொடக்க விழா 2024 ஜூலை 15இல் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியிலும், நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவான விழா 2025 ஆகஸ்ட் 26இல் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியிலும் நடந்தன. இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள். காலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்ட பிள்ளைகளைப் பத்து மணிக்கு ஞானஸ்நானப் பதிவேட்டின்படி பிரிப்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது எதிர்வாதமே கனமானது. மலையில் குக்கிராமத்துக்கும் பங்குக் கோயிலுக்கும் இடையே தூரம் அதிகம், ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, மழைக்காலத்தில் பாதை சரியும், சீசன் நாட்களில் பெற்றோர் ஞாயிறும் வேலைக்குப் போவார்கள். பள்ளியில் நடத்தாவிட்டால் கத்தோலிக்கப் பிள்ளைக்கு மறைக்கல்வியே கிடைக்காது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் எடுத்துவிடுங்கள் என்பதோடு நிறுத்தாமல், பங்கு இதைப் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்றும் சேர்த்தே எழுதினேன். முன்பு உபதேசியார் கிளைக்கிராமங்களுக்கு நடந்து போய் ஞானம் சொல்லிக்கொடுத்தார். பள்ளியில் மறைக்கல்வி நடக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பல இடங்களில் அந்தப் பணி தேய்ந்தது. அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கத்தோலிக்க நிர்வாகத்தில் உள்ளவை. புதுநன்மைத் தயாரிப்பு பள்ளி நேரத்திலேயே நடக்கிறது. இருந்தும் கோயில்கள் காலியாவதைத் தடுக்க முடியவில்லை. புதுநன்மை ஒரு பள்ளி விழாவாக, உடுப்பும் படமும் விருந்துமாகச் சுருங்கிவிட்டது என்றும், தயாரிப்பைப் பங்குக்கே மாற்ற வேண்டும் என்றும் அங்கே திருச்சபைக்குள்ளிருந்தே குரல்கள் எழுந்திருக்கின்றன. இடம் குறைவாக உள்ள கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகள் ஞானஸ்நானத்தைப் பார்த்துச் சேர்க்கும் வழக்கத்துக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. காலம் கடந்து சட்டம் வந்து செய்வதை முன்கூட்டியே தானாகச் செய்தால் மரியாதையாவது மிஞ்சும். நடைமுறையில் பார்த்தால், தூரக் கிராமங்களுக்கு மாதம் இருமுறை சனிக்கிழமை பங்கு ஜீப் போகட்டும். பள்ளி முடிந்தபின் விருப்பமுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடத்திலேயே பங்கு நடத்தும் வகுப்பு இருக்கட்டும். கட்டடம் ஒன்றாக இருப்பதில் தவறில்லை. நேரமும் பொறுப்பும் தெளிவாகப் பிரிந்திருந்தால் போதும். ஐந்தாறு பிள்ளைகளோடு ஒரு சிற்றறையில் கோதுமைக்குப் பதில் மலைக்கேற்ற ஏதோ ஒன்றை விதைத்துத் தொடங்கலாமே.

மூன்றாவது எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வரும்: எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளையை நாற்றங்காலுக்கும் கற்திட்டைக்கும் கூட்டிப்போனால் படிப்பு என்னாவது? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளே இதற்குப் பதில் சொல்லிவிட்டன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலின் அட்டைகளிலும் ஏணிப்படிகளிலும் மாண்டிசோரியின் தடம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ப வகுத்துச் செயல்பாடுகள் வழியாகவே வாசிக்கக் கற்பிக்கிறது. ஆங்கில மீடியம் என்ற பலகையை மாட்டிவிட்டுக் கரும்பலகையைப் பார்த்து எழுதவைக்கும் தனியார் பள்ளிகளைப் பார்த்து நாம்தான் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறோம். தான் நட்ட செடியின் பெயரை எழுதி ஒட்டும் பிள்ளை எழுத்தை மறக்காது.

கடைசியாக, இந்தக் காலத்தில் இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினால் கிறிஸ்தவப் பள்ளிகள்மீது மதமாற்றப் பழி சுமத்துபவர்களுக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்பார்கள். பழி சுமத்த வேண்டும் என்று இருப்பவர்களுக்கு நம் மடல் தேவைப்படாது. சம்மதத்தை எழுத்தில் வாங்கி, வகுப்பைப் பிரிக்காமல், கதவைத் திறந்துவைத்து நடத்தும் பள்ளியைக் காப்பாற்ற அந்த ஊர்ப் பெற்றோரே முன்னால் வந்து நிற்பார்கள். 30ஆம் பிரிவு தரும் உரிமைக்கு அதைவிடப் பெரிய அரண் நீதிமன்றத்தில்கூடக் கிடைக்காது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் ஒரு பத்தி சேருங்கள்: பள்ளியின் செபத்திலும் சமய நிகழ்ச்சியிலும் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதமா என்று தமிழில், பெற்றோருக்குப் புரியும்படி, இல்லை என்று எழுதினால் எதுவும் குறையாது என்ற உறுதியோடு. மலையில் ஏதாவது ஒரு பங்கு, ஒரே ஒரு பங்கு, வரும் கல்வியாண்டில் மறைக்கல்வியைப் பள்ளி நேரத்திலிருந்து எடுத்துத் தன் பொறுப்பில் நடத்திப் பார்க்கட்டும். ஆண்டு முடிவில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன தடை வந்தது என்று மற்றப் பங்குகளுக்கு ஒளிக்காமல் சொல்லட்டும். அப்படிக் கிடைக்கும் பாடவேளைகளை என்ன செய்வது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கட்டும். புதிய கல்வியாண்டுக்கான படிவங்கள் கோடை விடுமுறையில் அச்சுக்குப் போகும். அதற்கு முன் கூடும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, ஏற்பதா மறுப்பதா என்று பேசுங்கள்.

அன்புடன்,
தொடக்கக் கல்வியில் அக்கறையுள்ள ஒரு பங்கு உறுப்பினர்